ஹீட்டர் போட்டால் குளிர்காற்று வருகிறதா? – வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் பிறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சொல்கின்றன. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உறைபனி விழும் மாதங்கள் இவை. விடியற்காலையில் காரை எடுத்து ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது என்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை ஹீட்டர் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த எட்டு வருடப் பெட்ரோல் காரை ஆகஸ்டில் வாங்கி ஊட்டிக்குக் கொண்டு வந்தேன். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் முதல்முறையாக ஹீட்டர் போட்டேன், அரைமணி நேரம் ஓட்டியும் சூடு வரவில்லை. காற்று நல்ல வேகமாகத்தான் வருகிறது. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹீட்டர் கோர் மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். செய்யலாமா?
– ஊட்டி வாசகர்

பதில்: இப்போதைக்குச் செய்ய வேண்டாம். டேஷ்போர்டில் கை வைப்பது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகச் செய்கிற வேலை. ஒருமுறை கழற்றி மாட்டிய டேஷ்போர்டு பழைய மாதிரி உட்காருவது கஷ்டம், எங்காவது ஒரு கிளிப் உடைந்து கடகடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும்.

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டால் கோளாறு எங்கே என்பதைப் பாதி நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சாதாரணப் பெட்ரோல் காரின் ஹீட்டரில் தனியாகக் காயிலோ நெருப்போ கிடையாது. பெட்ரோல் எரிந்து வருகிற சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றுகிற திரவமான கூலண்டின் வழியாக வெறும் சூடாக வெளியே போகிறது, ரேடியேட்டர் இருப்பதே அதை வெளியே தள்ளத்தான். அந்தச் சூடான கூலண்டில் கொஞ்சத்தை இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பி விடுகிறார்கள், ஒரு தடிப்புத்தகம் அளவுதான் இருக்கும், அதுதான் ஹீட்டர் கோர். ப்ளோயர் அதன் நடுவே காற்றை ஊதுகிறது, காற்று சூடாகி உங்கள் காலுக்கு வருகிறது. ஆகவே சூடு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கூலண்டை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மட்டம் சரியாக இருக்கிறதா, ரேடியேட்டரைத் திறந்தால் கழுத்து வரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஹோஸ். வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் இருக்கும், அதற்குள் கட்டைவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ் பக்கத்தில் பக்கத்தில் போகும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு துணியை வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். ஃபேன் பக்கம் மட்டும் கை போகக் கூடாது, சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

இரண்டு ஹோஸும் கை வைக்க முடியாத சூடு என்றால் கோருக்குள் கூலண்ட் நன்றாக ஓடுகிறது, கோளாறு காற்றைத் திருப்பி விடுகிற கதவில் இருக்கிறது. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கலாம், அல்லது வழியில் தனி வால்வு வைத்த மாடலாக இருந்தால் அது திறக்காமல் இருக்கலாம். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் கூலண்ட் குறைவு, இல்லையென்றால் எஞ்சினே போதிய சூட்டுக்கு வரவில்லை.

உங்கள் கார் சமவெளியில் ஓடிய கார் என்பதால் எனக்கு வேறு இரண்டு சந்தேகம். கீழே வெயிலில் வண்டி கொஞ்சம் சூடேறினால் சில மெக்கானிக்குகள் செய்கிற முதல் வேலை, கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகிற வழியைத் திறந்து மூடுகிற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை" என்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் கூலண்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கோவையில் அது தெரியாது. ஊட்டிக் குளிரில் எஞ்சின் வெதுவெதுப்பைத் தாண்டாது, முள் நடுவுக்கே வராது.

இரண்டாவது சந்தேகம், ஹீட்டருக்குப் போகும் வழியையே அடைத்திருப்பார்கள். சென்ற குளிர்காலத்தில் இப்படி ஒரு காரைப் பார்த்தேன். பானெட்டைத் தூக்கியதும் தகரச் சுவரில் இரண்டு குழாய் முனைகள் ஒன்றும் மாட்டாமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்றின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. எஞ்சினிலிருந்து கிளம்பிய ஹோஸ் ஒரு வளைவு போட்டு எஞ்சினுக்கே திரும்பியிருந்தது, நடுவில் ஒரு துண்டு இரும்புக் குழாய், இரண்டு கிளாம்ப். எப்போதோ கோர் ஒழுகியிருக்கிறது, சமவெளியில் யாருக்கு ஹீட்டர் வேண்டும் என்று இப்படிச் சுற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். வண்டிக்காரருக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் காரிலும் இப்படி இருந்தால் ஒழுகுகிற கோர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், அப்போது டேஷ்போர்டு வேலையைத் தவிர்க்க முடியாது. தெர்மோஸ்டாட் மட்டும் இல்லை என்றால் செலவு மிகக் குறைவு, ஒரு மணி நேர வேலை. அதனால் இதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, கேத்தியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு தினமும் விடியற்காலை மேட்டுப்பாளையம் இறங்குகிறேன், டீசல் பிக்கப். திரும்பி ஏறும்போது ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது. இறங்கும்போது, அதுவும் குன்னூர் தாண்டும் வரை, எனக்கு ஹீட்டர் வேண்டிய நேரத்தில், சூடு குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. முள்ளும் கீழே இறங்குகிறது. ரேடியேட்டர் முன்னால் அட்டை வைத்து மறைக்கச் சொல்கிறார்கள் லாரிக்காரர்கள். வைக்கலாமா?
– கேத்தி வாசகர்

பதில்: தம்பி, முள் இறங்குகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது.

இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்றைய எஞ்சின்கள் டீசல் போவதையே நிறுத்திவிடும். எரிவது ஒன்றும் இல்லை, அதனால் சூடும் இல்லை. ஆனால் வாட்டர் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடித்துக்கொண்டே இருக்கிறது. நல்ல தெர்மோஸ்டாட் என்றால் இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, இருக்கிற சூட்டை எஞ்சினுக்கும் ஹீட்டருக்கும் மட்டும் சுற்ற விடும். உங்களுடையது மூடவில்லை, அதனால் சேர்த்து வைத்த சூடெல்லாம் ரேடியேட்டர் வழியாகக் காற்றோடு போகிறது. ஏறும்போது எஞ்சின் முழு பாரம் இழுப்பதால் அத்தனை இழப்பையும் தாண்டிச் சூடு மிஞ்சுகிறது.

டீசல் எஞ்சினே பெட்ரோலை விடக் குறைவான சூட்டைத்தான் வீணாக்கும், அதனால் இறக்கத்தில் ஓரளவு சூடு குறைவது சகஜம்தான். முள் இறங்குவது சகஜமில்லை.

அட்டை வேண்டாம். இறங்கும்போது உதவும், சரி. மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டு அட்டையை எடுக்க மறந்து பர்லியாறு ஏற்றத்தில் ஏறினீர்கள் என்றால் எஞ்சின் கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடுங்கள். அதற்குள் ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது, சூட்டில் அது உருகி விரிந்து வால்வைத் தள்ளும், ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். கழற்றியதைப் பாருங்கள், குளிர்ந்த நிலையிலேயே வெளிச்சத்தில் காட்டினால் இடுக்கில் வெளிச்சம் தெரியும், அதுதான் கெட்டுப்போனதற்கு அடையாளம். புதியதை மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பெரும்பாலானவை 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும், எந்த டிகிரி என்பது அதன் மேலேயே அடித்திருக்கும்.

இதைச் சரி செய்தால் டீசலும் மிச்சம். குளிர்ந்தே ஓடுகிற எஞ்சின் அதிகம் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும்.

கேள்வி: வணக்கம். கொடைக்கானலில் ஆசிரியையாக இருக்கிறேன். என் சின்னக் கார் நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும் ஓடும்போது ஹீட்டரில் குளிர்காற்று, கொஞ்சம் வேகமெடுத்தால் சூடு, பிரேக் போட்டு நின்றால் மறுபடி குளிர். ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பானையைச் சாய்த்த மாதிரி களகளவென்று ஒரு சத்தம் கேட்கிறது. டெம்பரேச்சர் முள் சரியாகத்தான் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– கொடைக்கானல் வாசகி

பதில்: அம்மா, அந்தக் களகளச் சத்தத்தைக் கவனித்து எழுதியதற்கு நன்றி, அது இல்லையென்றால் நான் வாட்டர் பம்ப் என்று சொல்லியிருப்பேன். உங்கள் காரில் கூலண்ட் குறைந்து, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. இந்த அமைப்பில் ஹீட்டர் கோர் பல கார்களில் உயரமான இடத்தில் இருக்கும், காற்று போய்த் தங்குவது அங்கேதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பம்புக்கு அந்தக் காற்றுக் குமிழைத் தள்ளும் பலம் போதாது. வேகமெடுத்தால் தள்ளிவிடும், சூடு வரும்.

முள் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். முள்ளுக்குத் தகவல் கொடுக்கிற சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். மட்டம் இன்னும் குறைந்து அது காற்றில் நின்றுவிட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் அசையாது. முள்ளுக்கு முன்னால் ஹீட்டர் சொல்லிவிடுகிறது, அதை நம்புங்கள்.

இதற்கு மலை உயரமும் ஒரு காரணமாகலாம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எஞ்சினுக்குள் கூலண்ட் 90 டிகிரியைத் தொட்டும் தாண்டியும் ஓடுகிறது. அது கொதிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் கூலண்டில் கலந்திருக்கிற கிளைக்கால் என்கிற ரசாயனம், அதைவிடப் பெரிய காரணம் ரேடியேட்டர் மூடி. அந்த மூடி வெறும் மூடி இல்லை, உள்ளே ஸ்பிரிங் வைத்து அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் சமவெளியில் தாக்குப்பிடிக்கிற வண்டி மலை மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகக் குறையும். உங்கள் மூடியைத் திருப்பி அந்த ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

காற்றை வெளியேற்றுவது வீட்டிலேயே செய்யலாம், ஆனால் இரவெல்லாம் நின்று முழுக்க ஆறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

காரின் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள், கொடைக்கானலில் இதற்குப் பஞ்சமில்லை. ஹேண்ட் பிரேக் போட்டு பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூடியைத் திறந்து கூலண்டைக் கழுத்து வரை நிதானமாக ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை ஒன்றில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மேலே இருக்கிற தடித்த ஹோஸை எஞ்சின் சூடாகும் முன் மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டால் கழுத்தில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் நின்று மட்டமும் நின்ற பிறகு, கூலண்ட் சூடேறுவதற்குள் மூடியைப் போட்டுவிடுங்கள். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விட்டு, ஹீட்டரில் சூடு நிலையாக வருகிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் காற்றை விட ஒரு சின்னத் திருகாணியே இருக்கும், சிலவற்றில் ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் அழுத்த டேங்க் மட்டும் இருக்கும், அப்படியானால் அங்கே ஊற்ற வேண்டும்.

இரண்டு வாரத்தில் மறுபடி அதே சத்தம் வந்தால் எங்கோ ஒழுகுகிறது. வெளியில் எங்கும் ஈரம் இல்லை, ஆனால் மட்டம் குறைகிறது, புகைக்குழாயில் எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை, திறந்த ரேடியேட்டரில் ஓயாமல் குமிழ் என்றால், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் ஒழுகாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் முன்கண்ணாடி உள்பக்கம் பனித்துக்கொள்கிறது, துடைத்தால் எண்ணெய் தடவியது போல இழுவுகிறது. இனிப்பாக ஒரு வாசனையும் வருகிறது. சூடு குறைவு. என்ன செய்யலாம்?
– குன்னூர் வாசகர்

பதில்: உங்கள் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. சாதாரணப் பனி என்றால் தண்ணீர்தான், துணியில் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். எண்ணெய்ப் படலம், இனிப்பு வாசனை இரண்டும் கூலண்டின் கிளைக்கால் ஆவி. முன்சீட்டில் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுப்பாக ஈரம் இருந்தால் சந்தேகமே இல்லை. குழந்தைகளையும் நாயையும் அந்த இடத்தில் விடாதீர்கள், அந்த இனிப்பை நக்கினால் விஷம். கோர் மாற்றித்தான் ஆக வேண்டும். அதுவரைக்கும் இரண்டு ஹோஸையும் இணைத்து கோரைத் தவிர்த்து ஓட்டலாம், தப்பில்லை, ஆனால் அப்படிச் செய்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்து வாங்குகிறவர் என் முதல் வாசகரைப் போலத் தவிக்கக் கூடாது.

வெறும் பனி மட்டுமே பிரச்சினை என்கிற மற்ற வாசகர்களுக்கு: உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள், ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், ஒரு நிமிடத்தில் கண்ணாடி தெளியும்.

கேள்வி: என் காரில் ப்ளோயர் 1, 2, 3 எதிலும் ஓடவில்லை, 4-ல் மட்டும் புயல் மாதிரி ஓடுகிறது. சூடு நன்றாக இருக்கிறது. மோட்டார் மாற்றச் சொல்கிறார்கள்.
– ஏற்காடு வாசகர்

பதில்: மோட்டார் நன்றாக இருப்பதால்தான் 4-ல் ஓடுகிறது. குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது, முழு வேகத்துக்கு நேராக வருகிறது. ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. பல கார்களில் டேஷ்போர்டு டிராயருக்குப் பின்னால் இரண்டு திருகில் நிற்கும், மாற்றுவது சுலபம். மாற்றும்போதே ஏசி ஃபில்டரையும் இழுத்துப் பாருங்கள், அதில் தூசியும் சருகும் அடைத்திருந்தால் மோட்டார் திணறும், புதிய ரெசிஸ்டரும் சீக்கிரம் எரியும்.

கேள்வி: சார், போன இதழ்களில் நீங்கள் சொன்னபடி ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் நல்ல சூடு. ஆனால் டிரைவர் பக்கம் குளிர்காற்று, பக்கத்து சீட்டுக்கு மட்டும் சூடு. சூட்டை மாற்றும்போது டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று பத்து இருபது தடவை அடித்துவிட்டு நிற்கிறது.
– பெங்களூரு வாசகர்

பதில்: கூலண்ட் பக்கம் எல்லாம் சரி, காற்றுப் பக்கம் கோளாறு. உங்களுடைய காரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிச் சூடு வைக்கிற வசதி இருக்கிறது, அதாவது தனித்தனிக் கதவு, ஒவ்வொன்றையும் நகர்த்த ஒரு குட்டி மோட்டார். பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்துவிட்டால் அந்த இடத்தில் நழுவி நழுவி டிக் டிக் என்று அடிக்கும். சத்தம் வரும் இடத்தில் காதை வைத்தால் எந்த மோட்டார் என்று தெரிந்துவிடும். மோட்டாரை மட்டும் தனியாக மாற்றலாம். குமிழைக் கையால் திருப்புகிற பழைய மாடல்களில் இதே வேலையை ஒரு கேபிள் செய்கிறது, அது கொக்கியிலிருந்து கழன்று விழுந்திருக்கும். குமிழ் வழக்கத்துக்கு மாறாக லேசாகச் சுற்றினால் அதுதான். மறுபடி மாட்டினால் போதும், காசே செலவில்லை.

கேள்வி: அண்ணை, ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இப்போது மைனஸ் 18. என்னுடைய பழைய காரில் ரேடியேட்டர் கசிந்ததால் போன மாதம் கடையில் கிடைக்கிற ஒழுக்கு அடைக்கும் மருந்து ஒரு போத்தல் ஊற்றினேன். கசிவு நின்றது, அதன் பிறகு ஹீட்டர் படிப்படியாகக் குளிர்ந்துவிட்டது. உள்ளே போகும் ஹோஸ் சுடுகிறது, திரும்பி வருவது குளிர்.
– கனடா வாசகர்

பதில்: அந்த மருந்துதான் கோரை அடைத்திருக்கிறது. ஓட்டையில்தான் உறைய வேண்டும் என்று அதற்குத் தெரியாது, குறுகலான வழி எங்கே இருக்கிறதோ அங்கே படியும். கூலண்ட் ஓடுகிற பாதையில் மிகக் குறுகலான வழிகளில் ஒன்று ஹீட்டர் கோரின் குழாய்கள்தான்.

கோரை மாற்றும் முன் எதிர்த்திசையில் கழுவிப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலண்ட் வெளியேறுகிற முனையில் தோட்டத்துக் குழாயை வைத்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். முதலில் பழுப்பாகவும் துணுக்குகளாகவும் வரும், தெளியும் வரை விட்டு, திசையை மாற்றி விட்டு, மறுபடி எதிர்த்திசையில் விடுங்கள். அழுத்தத்தை ஒருபோதும் கூட்டாதீர்கள், பழைய கோர் பிய்ந்துவிடும். வெளியே செய்தால் தண்ணீர் உறைந்துவிடும், கதகதப்பான கராஜில்தான் செய்ய வேண்டும், எஞ்சினை ஓடவிடுவது என்றால் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள், கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. எஞ்சின் புகையில் இருக்கிற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பனி குவிந்து புகைக்குழாயை மூடியிருக்கும் காரில் ஹீட்டருக்காக எஞ்சினைப் போட்டு உட்காருவதும் அதே ஆபத்து.

கழுவி முடித்ததும் கோருக்குள் வெறும் தண்ணீரை விட்டு வைக்காதீர்கள், ஒரே இரவில் உறைந்து வெடித்துவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 வரை தாங்கும், அதை நிரப்புங்கள். ரேடியேட்டர் கசிவுக்கு ரேடியேட்டரைத்தான் பார்க்க வேண்டும், இன்னொரு போத்தல் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும்போது எஞ்சின் சூடேறினால் ஹீட்டரை முழுசாகப் போட்டால் குறையும் என்கிறார்கள். வெயிலில் ஹீட்டரா? இது உண்மையா? ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் போதாதா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: உண்மைதான். ஹீட்டர் கோர் இன்னொரு ரேடியேட்டர் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரையும் ப்ளோயரையும் முழுதாகப் போட்டால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் உங்கள் வழியாக வெளியேறும். நாற்பது கொண்டை ஊசி வளைவில் எங்கே நிறுத்துவது என்று தெரியாத நேரத்தில் அடுத்த அகலமான இடம் வரைக்கும் போய்ச் சேர இது உதவும்.

ஆனால் இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முள் மேலே ஏறியிருக்கிறது, ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வருகிறது என்றால், அடுத்த வளைவு வரை கூடப் போக வேண்டாம். கூலண்ட் இல்லை, அல்லது சுற்றவில்லை. ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். இந்த இரண்டும் சேர்ந்து வந்த பிறகு இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதால் ஹெட் வளைந்து, எஞ்சினையே பிரிக்க வேண்டி வந்த வண்டிகளை என் கையால் பிரித்திருக்கிறேன். அந்தக் குளிர்காற்றைக் கவனித்திருந்தால் ஒரு ஹோஸ் விலையோடு முடிந்திருக்கும்.

தண்ணீர் விஷயம்: நடுவழியில் வேறு வழியில்லை என்றால் எஞ்சின் ஆறிய பிறகு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். ஊருக்கு வந்ததும் அதை வடித்துவிட்டுக் கூலண்ட் நிரப்புங்கள். போர் தண்ணீரின் உப்பு, கெட்டிலின் அடியில் படிகிற மாதிரி உள்ளே படியும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானதுதான், அதுவும் துருவைத் தடுக்காது, சமவெளி வண்டிகளின் கோரைக் கழுவினால் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வருவது இந்தத் துருதான். கூலண்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காமல் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கிற வகையைப் பார்த்து வாங்குங்கள், பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை. அப்படியே ஊற்றுகிற வகையா, தண்ணீர் கலக்க வேண்டிய வகையா என்பதையும் டப்பாவில் படித்துவிடுங்கள். கலக்க வேண்டியது என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறோம். எஞ்சினே இல்லையே, ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? கோத்தகிரிக் குளிரில் ஹீட்டர் போட்டால் ரேஞ்ச் சரசரவென்று குறைகிறது, இது கோளாறா?
– கோத்தகிரி வாசகி

பதில்: கோளாறு இல்லை அம்மா. உங்களுடைய காரில் சூடு பேட்டரியிலிருந்தே வருகிறது. பலவற்றில் பிடிசி என்கிற மின்சார ஹீட்டர், ஆரம்பத்தில் மூன்று முதல் ஐந்து கிலோவாட் வரை இழுக்கும், நம் வீட்டு கீசரையே ஒன்றரை இரண்டு மடங்கு மிஞ்சுகிற இழுவை. சில மாடல்களில் ஹீட் பம்ப் இருக்கும், அது ஏசியைத் திருப்பிப் போட்டது போல வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டு வரும், செலவு குறைவு. காலையில் கிளம்பும் முன், சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே மொபைல் ஆப்பில் ஹீட்டரைப் போட்டுவிட்டால் அந்த முதல் இழுவை வீட்டு மின்சாரத்தில் போய்விடும். சீட்டைச் சூடாக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு காற்றின் சூட்டை இரண்டு டிகிரி குறையுங்கள், ஒரு சீட்டுக்கு நூறு வாட்டுக்குள்தான் ஆகும்.